குர்ஆன் ஸூரா (அத்தியாயம்) மனப்பாடம், நல்ல பழக்கம் மட்டும் வரல... மூணாங்கிளாஸ் பையனுக்கு என்ன செய்யலாம்?

கீழக்கரை உம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும். மகன் மூணாவது படிக்கிறான், ஸ்கூல்லயே தீனியாத் (மார்க்கப் பாடம்) பீரியட் இருக்கு, மஃரிப் தொழுகைக்கு அப்புறம் ஓதிக் கொடுக்குற மக்தபும் போறான். அம்ம ஜுஸு, அதான் குர்ஆனோட கடைசிப் பாகம், பாதிக்கு மேல பாடம், துஆ எல்லாம் கடகடன்னு சொல்லுவான். ஆனா தங்கச்சி தட்டுலேர்ந்து பிடுங்கித் தின்றான், நேத்து மீன் கொண்டு வந்த பாட்டிய "ஏய் கெழவி"ன்னுட்டான், எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. வாப்பா துபாய்ல. ஸ்கூல்ல என்ன கேக்கலாம், வீட்ல நான் என்ன பண்ணணும்?

தொண்டி உஸ்தாத்:
வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. பரீட்சைக்குக் கேக்குறது மனப்பாடத்தத்தான், புள்ளையும் அதோட நிறுத்திக்குது. நான் மக்தப்ல லுக்மான் தன் மகனுக்குப் புத்தி சொல்ற லுக்மான் ஸூரா 13லேர்ந்து 19 வரைக்கும் வாரத்துக்கு ஒரு ஆயத்துதான் (வசனம்) எடுக்குறேன், தமிழ்ல அர்த்தம் சொல்லித்தான். மாப்பிள்ளை லெப்பை ஆலிம்சா (1816–1898) உங்க ஊர்ல இருந்துதானே அரபுத்தமிழ்ல, அதாவது அரபு எழுத்துல எழுதுற தமிழ்ல, மார்க்கச் சட்டம் எழுதினாங்க, சாதாரண ஜனங்களுக்கும் புரியணும்னுதான். 18ஆவது ஆயத்து, ஜனங்ககிட்ட பெருமையா முகத்தத் திருப்பாதங்குறது. அந்த வாரம் பூரா ஸ்கூல் ஆயாவுக்கும் ஐஸ்காரருக்கும் முகம் பாத்து ஸலாமோ வணக்கமோ சொல்லணும், அதான் வீட்டுப்பாடம். உங்க பையன் அந்தப் பாட்டிகிட்டேர்ந்தே தொடங்கட்டும்.

ஏர்வாடி ராத்தா:
அடிச்சிராதீங்கம்மா. ரசூலுல்லாஹ் வீட்ல வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா சின்னப் புள்ளையா இருக்கும்போது சாப்பாட்டுத் தட்டுல கைய அங்கயும் இங்கயும் விட்டாங்க, ரசூலுல்லாஹ் அதட்டல, பிஸ்மில்லா சொல்லு, வலது கையால சாப்பிடு, உனக்குப் பக்கத்துல உள்ளத சாப்பிடுன்னாங்க, புகாரி ஹதீஸ் கிதாபுல இருக்கு. ராத்திரிக்கு மூணு பேரும் ஒரே சஹன்ல (சேந்து சாப்பிடுற பெரிய தட்டு) உக்காருங்க, பெரிய மீன் துண்டத் தங்கச்சி பக்கம் தள்ளி வைக்கிற வேலைய அவன்கிட்டயே கொடுங்க. மொத நாலஞ்சு நாள் மொகத்தத் தூக்கிக்குவான், எங்க வீட்லயும் அப்படித்தான்.

பனைக்குளம் ரிட்டயர்ட் டீச்சர்:
ஏழு வயசுல தொழச் சொல்லுங்க, பத்துலதான் கண்டிப்புன்னு அபூதாவூது ஹதீஸ் கிதாபுல வர்றதப் பாருங்க, நடுவுல மூணு வருசம் பழக்குறதுக்கே விட்டுருக்கு. இவனுக்கு எட்டுதான இருக்கும். ஸ்கூல், மக்தப், நடுவுல ட்யூசனும்னா புள்ள களைச்சுரும், ட்யூசன் வச்சிருந்தா நிறுத்துங்க. வாப்பா வீடியோ கால்ல எத்தன ஸூரா பாடம்னு கேக்குறதுக்குப் பதிலா, இன்னைக்குத் தங்கச்சிக்கு என்ன கொடுத்தன்னு கேக்கட்டும்.

கீழக்கரை உம்மா:
ஜஸாக்கல்லாஹு கைர். ராத்தா, இன்னைக்கே சஹன் எடுக்குறேன். உஸ்தாத், வாராவாரம் எடுக்குற ஆயத்தையும் வீட்டுப்பாடத்தையும் எழுதி இங்க போடுவீங்களா, தீனியாத் டீச்சர்கிட்ட காட்டணும்.