மறுமொழி: "மீள்திசைத் தடம்" சரியா?

வணக்கம். காலையில் ஒரு திசைக்கும் மாலையில் எதிர்த்திசைக்கும் திறந்துவிடும் சாலைத் தடத்துக்கு (reversible lane) இந்த இழையில் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"மீள்திசைத் தடம்" என்று முன்மொழிந்த நண்பருக்கு நன்றி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீள்தல் என்றால் போன இடத்திலிருந்து திரும்பி வருதல். வேகத்தில் அந்தப் பலகையைப் பார்ப்பவர், இங்கே வண்டியைத் திருப்பலாம் என்று எண்ணிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. "மாற்றுத் தடம்" இன்னும் சிக்கல். மாற்றுப்பாதை என்றாலே சுற்றிப் போகச் சொல்கிறார்கள் என்றுதான் பொருள் கொள்வோம். "இருதிசைத் தடம்" வேண்டவே வேண்டாம். ஒரே நேரத்தில் இரு பக்கமிருந்தும் வரலாம் என்று அது சொல்லிவிடும்.

என் பரிந்துரை: திசைமாறு தடம்.

"மாறு தடம்" வினைத்தொகை. மாறிய, மாறுகின்ற, மாறும் என மூன்று காலமும் அதற்குள் இருக்கின்றன. ஓட்டுநர் மனத்தில் இருக்க வேண்டியதும் அதுவே. காலையில் போன தடம்தானே என்று மாலையில் நுழையக்கூடாது. தலைக்கு மேலுள்ள விளக்கைப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். சாலைக் குறிகள், விளக்குகள் பற்றிய 1968-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி, கீழ்நோக்கிய பச்சை அம்பு இருந்தால் போகலாம். சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அந்தத் தடம் நமக்கு இல்லை. மஞ்சளிலோ வெள்ளையிலோ சாய்ந்த அம்பு எரிந்தால் தடம் மூடப்படப் போகிறது, அம்பு காட்டும் பக்கம் விலக வேண்டும். இந்த மூன்றாவதை "எச்சரிக்கை அம்பு" என்று எழுதியிருந்தீர்கள். எதற்கு எச்சரிக்கை? "ஒதுங்கு அம்பு" என்றால் செய்ய வேண்டியதே பெயராகிவிடும்.

அப்புறம், திசையை மாற்றுமுன் இரு முனையிலும் சிவப்பைப் போட்டு, உள்ளே இருக்கும் வண்டிகள் வெளியேறும்வரை காத்திருக்கும் நேரம். இதற்கு யாரும் சொல் தரவில்லை. பாதுகாப்பு முழுக்க அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. "ஒழிவு நேரம்" எனலாமா? இடத்தை ஒழித்துக் கொடு என்கிறோமே, அந்த ஒழித்தல்.

"ஓதத் தடம்" என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஓதம் என்றால் கடல்நீரின் ஏற்றயிறக்கம். காலையில் நகருக்குள் பொங்கி வந்து மாலையில் வடியும் போக்குவரத்தைப் பிரிட்டனிலும் கடல் ஓதத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். பர்மிங்காமில் 1972-இல் திறந்த ஆஸ்டன் விரைவுச்சாலையில் ஏழு தடங்கள், நடுவில் தடுப்புச்சுவர் கிடையாது. எந்தப் பக்கத்துக்கு எத்தனை என்பதை விளக்குகளே சொல்லும். ஆனால் ஓதம் என்றால் ஈரம் என்றே பலர் புரிந்துகொள்வார்கள். அதனால் தடத்துக்கு வேண்டாம். அந்த ஏற்றயிறக்கப் போக்குக்கு "ஓதப் போக்கு" என்று பொறியியல் நூல்களில் வைத்துக்கொள்ளலாம்.

திசைமாறு என்றால் வழிதவறிப் போனதுபோல ஒலிக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. "திசைமாறிய" என்றால் அப்படித்தான் ஒலிக்கும். "திசைமாறு தடம்" என்று இடைவெளி விட்டு எழுதிப் பாருங்கள், எனக்கு அந்தச் சாயல் தெரியவில்லை. உங்களுக்கு இன்னும் தெரிகிறதா?