வருமான டிரஸ்ட்: 2025இன் 2,901 டாலர் வரம்பு கைக்கு வருவதா, பிடித்தத்துக்கு முன்பா?

எடிசன்வாசி:
"2025இல் கைக்கு வந்தது மாதம் 2,901 டாலருக்குள் இருந்திருந்தால் மெடிக்கெய்டு கிடைத்திருக்கும். வருமான டிரஸ்ட் என்பது வக்கீல்கள் காசு பிடுங்கும் வேலை" என்று ஹூஸ்டன் நண்பர் நேற்று எழுதியிருந்தார். (மெடிக்கெய்டு, வருமானம் குறைந்தவர்களின் மருத்துவச் செலவையும் நர்சிங் ஹோம் என்ற முதியோர் பராமரிப்பு இல்லச் செலவையும் ஏற்கும் அமெரிக்க அரசுத் திட்டம். வருமான டிரஸ்ட், வருமானம் வரம்பைத் தாண்டுகிறவர்கள் அதில் ஒரு பகுதியைப் போட்டு வைக்கும் தனிக் கணக்கு; அதில் போட்டது வரம்புக்குள் எண்ணப்படாது.) படித்ததிலிருந்து தூக்கமில்லை. கைக்கு வருவதை எவன் பார்க்கிறான்? பிடித்தத்துக்கு முந்தைய தொகைதான் கணக்கு. என் மாமியாருக்கு 2025இல் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு உதவித்தொகை 2,100, பென்ஷன் 850. முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் பார்ட் பி-க்கு அன்றைய கட்டணம் 185 போனால் கைக்கு 2,765தான். ஆனால் மெடிக்கெய்டு அலுவலகம் பார்த்தது 2,950. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, வெறும் 49 டாலருக்காக!

ஹூஸ்டன்காரன்:
அதே வருடம் என் அப்பாவுக்குக் கைக்கு வருவதைத்தான் பார்த்தார்கள். டிரஸ்ட் இல்லாமலே நர்சிங் ஹோமில் எடுத்துக்கொண்டார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

எடிசன்வாசி:
பிடித்தத்துக்கு முன் அவருக்கு எவ்வளவு?

ஹூஸ்டன்காரன்:
அது எங்கள் வீட்டு விஷயம். கைக்கு 2,600.

எடிசன்வாசி:
அதோடு 185 சேர்த்தால் 2,785. வரம்புக்குள்தானே இருக்கிறது! அதனால் கிடைத்தது சார், கைக்கு வந்ததைப் பார்த்து இல்லை.

குயின்ஸ் அக்கா:
எங்கள் நியூயார்க்கில் இந்தத் தொல்லையே கிடையாது. வரம்புக்கு மேல் இருப்பதை மருத்துவச் செலவுக்குக் கட்டினால் முடிந்தது. உங்களை யார் நியூஜெர்சிக்குப் போகச் சொன்னது?

எடிசன்வாசி:
அக்கா, நாங்கள் வந்தபோது இங்கேயும் இந்த டிரஸ்ட் கிடையாது. 2014 டிசம்பரில்தான் கொண்டுவந்தார்கள்.

சேலத்துப்பிள்ளை:
பெற்றவர்களை ஹோமில் தள்ளிவிட்டு, அவர்கள் பணத்தையும் டிரஸ்டில் ஒளித்து வைக்கிறீர்கள். இதில் சட்டம் வேறு பேசுகிறீர்கள்.

எடிசன்வாசி:
தம்பி, மறதி நோய் முற்றி இரவு இரண்டு மணிக்கு வாசலைத் திறந்துகொண்டு போகிறவரை நான்கு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தவள் என் மனைவி. அவளைப் பார்த்து "தள்ளிவிட்டு" என்று சொல்லாதே.

எதை ஒளிப்பது? விண்ணப்பம் திரும்பியபின் டிரஸ்ட் கணக்கு திறந்தோம், மாதாமாதம் பென்ஷன் அந்தக் கணக்குக்குப் போகிறது. மாமியார் கைச்செலவுக்கு 50 டாலர், அப்புறம் இன்சூரன்ஸ், மிச்சமெல்லாம் ஹோமுக்கு. அவர் காலத்துக்குப் பின் கணக்கில் ஏதாவது இருந்தால், மெடிக்கெய்டு செலவழித்த அளவுக்கு மாநிலம் எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு என்ன லாபம்? மெடிக்கெய்டுக்கு வருமானம் அதிகம், ஹோமுக்குக் கட்டப் போதாது, இப்படி நடுவில் மாட்டியவர்கள் 1990இல் கொலராடோவில் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். இந்த வருமான டிரஸ்டுக்கு மில்லர் டிரஸ்ட் என்ற பெயரே அந்த வழக்கில் வந்தது. 1993இல் மத்திய அரசே சட்டத்தில் எழுதிவிட்டது.

ஹூஸ்டன்காரன்:
வரலாறு எல்லாம் சரி. கைக்கு வராத 185 டாலரை வருமானம் என்று எப்படிச் சொல்வது? போன வருஷம் வருமான வரிப் பேச்சிலும் இப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதிக் குழப்பினீர்கள்.

எடிசன்வாசி:
அன்று நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. பாதியில் காணாமல் போனது நீங்கள்.

குயின்ஸ் அக்கா:
நியூயார்க்குக்கு வந்துவிடுங்கள், அவ்வளவுதான்.

ஹூஸ்டன்காரன்:
நான் எங்கேயும் போகவில்லை. கைக்கு வருவதுதான் கணக்கு.

எடிசன்வாசி:
திரும்பி வந்த கடிதம் என் மேசையில் இருக்கிறது சார். அதில் 2,950 என்றுதான் போட்டிருக்கிறது. 2,765 என்று எங்கேயும் இல்லை.