யாழ் நகர வெள்ளம்: கானைப் பெருப்பிப்பதா, குளத்தை வெறுமையாக்கி வைப்பதா?

மதகடி:
கார்த்திகை மாரியில் நகரின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் தேங்குவதற்கு முதற் காரணம் கான், அதாவது வீதியோர மழைநீர் வடிகால், போதாததுதான். கணக்கைப் பாருங்கள். 10 ஹெக்டயர் கட்டடப் பகுதியில் மணிக்கு 50 மில்லிமீற்றர் மழை விழுந்து, அதில் 70 வீதம் ஓடிவந்தால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 1 கனமீற்றர் தண்ணீர். 60 சென்ரிமீற்றர் அகலமும் அதேயளவு ஆழமுமுள்ள சீமெந்துக் கான், 1000க்கு 1 சரிவில், நிரம்பி ஓடினாலும் 0.26 கனமீற்றர்தான் கொண்டுபோகும். மிச்சம் வீதிக்குத்தான். பிரதான கானை 1.2 மீற்றர் அகலம், 0.9 மீற்றர் ஆழமாக்கினால் 1.1 கனமீற்றர் போகும். நேரே கடனீரேரிக்கு விடுங்கள். குளம், குளம் என்று பேசியே காலம் போகிறது.

கேணியடி:
அண்ணை, கணக்குச் சரி. சரிவு எங்க கிடக்கு? 1000க்கு 1 எண்டால் ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்க வேணும். நாவாந்துறை, கொட்டடி, குருநகர்ப் பக்கம் நிலமே கடல் மட்டத்திலயிருந்து கொஞ்ச உயரம்தான். அங்க 0.9 மீற்றர் ஆழத்துக்கு வெட்டினால் கானின்ர அடி கடலுக்குச் சமனாய் வந்திடும், சில இடத்தில கீழயும் போகும். மாரியில கடல் மட்டமும் கூடித்தான் நிக்கும். தாழமுக்கம் வந்து, அதோட பறுவமோ அமாவாசையோ சேர்ந்தால் தண்ணி வெளியில போகாது, கடல்தான் உள்ளுக்கு வரும்.

இப்ப குளத்தைப் பாருங்கோ. 1 ஹெக்டயர் குளத்தை ஐப்பசி முடிய முதல் 50 சென்ரிமீற்றர் இறக்கி வைச்சால் 5,000 கனமீற்றருக்கு இடம் இருக்கும். நீங்கள் சொன்ன அதே வெள்ளத்தை 80 நிமிசத்துக்கு மேல பிடிச்சு வைக்கும். பெருமழையின்ர உச்சம் அதுக்குள்ள கழிஞ்சிடும். ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக்குளம் எல்லாம் சும்மா தோண்டினதில்லை. அதுகளுக்கு வாற வெள்ள வாய்க்காலை மதில் கட்டி அடைச்சுப்போட்டுக் கான் போதாது எண்டால் என்ன நியாயம்?

மதகடி:
80 நிமிடம் சரி. 2008 நவம்பர் நிஷா புயல் மாதிரி நாட்கணக்கில் கொட்டினால்? முதல்நாளே குளம் நிரம்பிவிடும். மறுநாள் தண்ணீருக்கு எங்கே வழி? குளத்தை 50 சென்ரிமீற்றர் இறக்கவும் ஒரு மதகும் வெளிக்கானும் வேண்டுமே. அதுவும் கடலுக்குத்தானே போகிறது? இன்னொன்று: வீதித் தண்ணீரில் எண்ணெய், மலசலகூடக் குழியின் வழிசல் எல்லாம் கலந்திருக்கிறது. கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமுள்ள சுண்ணக்கல். குளத்தில் விட்டதைக் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். கிணற்று நீரில் ஏற்கெனவே இருக்கும் நைத்திரேற்றுப் பிரச்சினை போதாதா?

மட்டக்கோல்:
இரண்டு பேரும் வடிவமைப்பில் நிற்கிறீர்கள். கட்டி முடித்த கானே பாதிதான் வேலை செய்கிறது. 60க்கு 60 கானில் 15 சென்ரிமீற்றர் வண்டல் படிந்தால், ஆழம் குறைவதோடு அடியும் சொரசொரப்பாகிக் கொள்ளளவு அரைவாசியாகிவிடும். ஏன் வாருவதில்லை? மூடியைத் தூக்க முடியாது. 80 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 10 தடிப்புக் கொங்கிறீட் மூடி ஏறத்தாழ 96 கிலோ. அகலத்தை 30 ஆக்கி இரண்டு துளை விட்டால் 58 கிலோ. கம்பிக் கொழுக்கி போட்டு இரண்டு பேர் தூக்கலாம். வாரின மண்ணைக் கான் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே. அன்றைக்கே ஏற்ற வேண்டும்.

கான் வீதியைக் கடக்கும் மதகுகளையும் குனிந்து பாருங்கள். குறுக்கே குடிநீர்க் குழாயோ தொலைபேசிக் குழாயோ போகும். அதில் ஒரு பொலித்தீன் பை மாட்டும், பையில் தென்னோலை மாட்டும், பிறகு போத்தல்கள். மேலே பார்த்தால் 60 சென்ரிமீற்றர் மதகு, உள்ளே ஒரு சாண் வழி. கான் வேலையைக் கடல் முகத்திலிருந்து மேல்நோக்கித்தான் தொடங்க வேண்டும். நடுவில் ஒரு வீதியை மட்டும் பெருப்பித்தால் கீழ்வீதி வளவுகளுக்குள் வெள்ளத்தைத் தள்ளுகிறோம்.

கேணியடி:
மட்டக்கோல் சொல்லுறது முழுக்கச் சரி. மதகடி அண்ணை, கிணறு பற்றின பயம் எனக்கும் இருக்கு. வீதித் தண்ணியை உறிஞ்சு குழிக்குள்ள, அதாவது தண்ணியை மண்ணுக்குள்ள இறக்க வெட்டுற குழிக்குள்ள, விடவே கூடாது. கூரைத் தண்ணி மட்டும். அதிலயும் முதல் மழையைக் கழிச்சுவிட்டு. செம்மண் கிடக்கிற திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் அது எடுபடும். குருநகரில கார்த்திகைக்கு நிலத்தடித் தண்ணியே மேல வந்திடும், குழி வெட்டினால் கிணறுதான். 100 சதுரமீற்றர் கூரையில 50 மில்லிமீற்றர் விழுந்தால் 5,000 லீற்றர். 1.2 மீற்றர் விட்டம், 2 மீற்றர் ஆழக் குழி 2,260 லீற்றர்தான் பிடிக்கும். மிச்சம் மண் உறிஞ்சுற வேகத்தில தங்கியிருக்கு. அதனால வெட்ட முதல் ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பாக்க வேணும். குளத்துக்கு வீதித் தண்ணி வாற வாயில மண் படிய ஒரு தொட்டி (அதின்ர அடி கான் அடியிலும் 60 சென்ரிமீற்றர் கீழ), ஒரு கம்பி வலை. அதோட மலசலகூட வழிசலைக் கானில விடுறதை நிப்பாட்டினால்தான் குளத்தை நம்பலாம். குளத்தின்ர அடிக்கு மட்டும் கொங்கிறீட் போட விடாதேங்கோ.

மதகடி:
கூரைத் தண்ணீர் பிரிவதை ஏற்கிறேன். ஆனால் நாட்கணக்கில் பெய்யும் மழைக்குப் பெரிய வெளிக்கான் வேண்டும் என்பதில் மாறமாட்டேன். கடல் முகத்தில் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் தொங்கு கதவு போடுங்கள். பிணைச்சல் துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும். சிப்பி ஒட்டினாலோ ஒரு தடி செருகினாலோ கதவு மூடாது, அதனால் மாரியில் வாரமொருமுறை சுரண்ட ஆள் வேண்டும்.

கேணியடி:
கடல் பெருகிக் கதவு மூடிக் கிடக்கிற நாலைஞ்சு மணித்தியாலம் மழைத் தண்ணி எங்க நிக்கும் அண்ணை? அந்தக் கொள்ளளவைத்தான் குளத்தில கேக்கிறன்.

மதகடி:
அப்படியானால் குளத்தின் வழிமட்டத்தையும் கடல் முகத்தின் பெருக்கு மட்டத்தையும் ஒரே அளவீட்டில் எடுத்து, 20 மீற்றருக்கு ஒரு புள்ளியாய்க் கான் அடியின் மட்டத்தோடு இங்கே போடுங்கள். அகலத்தை அதற்குப் பிறகு பேசுகிறேன்.