நடுத்தடத்துப் பாறைப்படி: உடைக்கணுமா, விடணுமா?

தடக்காவலன்
பேச வசதியாக ஒரு தடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஜீப், பைக் என்று கரடுமுரடான வழியில் ஓட்ட விரும்பும் எல்லோருக்கும் திறந்துவிட்ட 6 கி.மீ. மலைத்தடம். ஒரு வண்டி போகும் அகலம்தான், ஆனால் இரு திசையிலும் வண்டி வரும். மூன்றாவது கிலோமீட்டரில் 60 செ.மீ. உயரப் பாறைப்படி. அந்த இடத்தில் தடம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, இடப்பக்கம் பள்ளம். அந்தப் படியை உடைத்து, 4 மீட்டர் நீளத்துக்குக் கல் நிரப்பி, 15 சதவீத ஏற்றமாக மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. பொதுத்தடத்துக்கு முதல்முறை வருகிறவரும் வருவார். அவரை மனதில் வைத்துத்தான் அமைக்க வேண்டும். சவால் தேடுகிறவர்களுக்குத் தனித்தடம் இருக்கட்டும்.

லோரேஞ்ச்
உடைத்தால் மறுநாளே என்ன ஆகும் தெரியுமா? மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஊர்ந்த வண்டி 40-இல் போகும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 8 மடங்கு வேகம், 64 மடங்கு அடி.

பார்வைத் தூரத்தையும் கணக்குப் போடுங்கள். சரளையில் பிடிப்புக் கெழு 0.4 என்றும், கண் பார்த்துக் கால் அழுத்த 1.5 நொடி என்றும் வைத்தால், 40-இல் வரும் வண்டி நிற்கச் சமதரையிலேயே 32 மீட்டர் வேண்டும். எதிரே வருபவருக்கும் அதே 32. ஆக, வளைவில் 64 மீட்டர் தூரம் கண்ணில் பட வேண்டும். மலைத்தட வளைவில் 25 மீட்டர் தெரிந்தாலே பெரிது. அதே வண்டி 10-இல் வந்தால் 5 மீட்டரில் நிற்கும். அந்தப் பாறைப்படி செலவில்லாத வேகத்தடை. அதை உடைத்துவிட்டு அப்புறம் சிமெண்ட்டில் வேகத்தடை கட்டப் போகிறீர்களா?

தடக்காவலன்
வேகம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது மோதலுக்குப் பொருந்தும், கவிழ்வதற்குப் பொருந்தாது. நின்றுகொண்டே கவிழலாம்.

சக்கர இடையகலம் 150 செ.மீ. கூரையில் மூட்டை ஏற்றிய வண்டியின் ஈர்ப்பு மையம் 80 செ.மீ. உயரத்தில் இருந்தால், காகிதக் கணக்கில் கவிழும் சாய்வு 43 பாகை. கேட்க நிறைய இருப்பதுபோலத் தோன்றும். தடத்தின் பக்கச்சாய்வு 20 பாகை. மேற்பக்கச் சக்கரம் 20 செ.மீ. கல்லில் ஏறினால் இன்னொரு 7.5. கீழ்ப்பக்கச் சக்கரம் அதே ஆழக் குழியில் இறங்கினால் மறுபடி 7.5. ஆக 35. கீழ்ப்பக்க ஸ்பிரிங் அமுங்கும், டயர் பிதுங்கும், உள்ளே இருப்பவர்கள் அந்தப் பக்கம் சரிவார்கள். அந்த நேரத்தில் பயந்துபோய் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் போதும். இத்தனையும் நடைவேகத்தில் நடக்கும்.

லோரேஞ்ச்
ஒரு திருத்தம். ஒரே ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் வண்டியின் சட்டம் முழு 7.5 பாகையும் சாயாது. சஸ்பென்ஷன் ஏறக்குறைய பாதியை வாங்கிக்கொள்ளும். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும்படி நீண்ட கல், நீண்ட குழி இருந்தால்தான் உங்கள் கணக்கு.

ஆனால் நீங்களே சொன்னதைக் கவனியுங்கள். அங்கே ஆளைக் கவிழ்ப்பது படியின் உயரமா, பக்கச்சாய்வும் பள்ளமுமா? படியைத் தொட வேண்டாம். மேல்பக்கத்தை வெட்டிச் சாய்வை 5 பாகைக்குள் கொண்டுவாருங்கள். பள்ளத்தின் விளிம்பில் பாதி புதைந்த பெருங்கற்களை வரிசையாக வையுங்கள், சக்கரம் அதைத் தாண்டாது. தோற்றுப்போனவர் பின்னால் உருண்டால் தடத்துக்குள்ளேயே நிற்பார். படியில் தோற்றவருக்குப் பம்பர் போகட்டும், உயிர் போகக் கூடாது.

சேறுபூசி
அண்ணே ரெண்டு பேரும் ஓட்டுறதப் பத்தியே பேசுறீங்க. மாட்டுன வண்டிய இழுக்கும்போது நடக்குறத யாரு பேசுறது? படி நடுத்தடத்துல இருக்கு. புதுசா வந்தவரு டயர்ல 35 பி.எஸ்.ஐ. காத்தோட வருவாரு. 18-20க்கு இறக்குனா டயர் கல்ல கவ்விக்கிட்டு நிதானமா ஏறும். இறக்காம வந்தா சக்கரம் வெறும்சுத்து சுத்தும், இவரு இன்னும் மிதிப்பாரு, முன்சக்கரம் முழுசா திரும்பியிருக்க நேரத்துல துள்ளி விழும், சி.வி. ஜாயிண்ட் (முன்சக்கரத்துக்கு சுழற்சிய கொண்டுபோற மூட்டு) டப்புனு ஒடியும். இப்போ தடம் அடைப்பு.

அடுத்து பின்னாடி நிக்கிற புண்ணியவான் கயிறு எடுத்துட்டு வந்து டோ பால்ல மாட்டுவாரு. அந்த உருண்டை டிரெய்லர் இழுக்கத்தான், வெட்டி இழுக்குறதுக்கு இல்ல. ஒடிஞ்சா பீரங்கிக் குண்டு மாதிரி கண்ணாடியப் பொத்துக்கிட்டு உள்ள வரும். உயிர்ப்பலி வாங்குன சங்கதி இது. பொறியாளர் கணக்குப் போட்டு வண்டிச் சட்டத்துல போல்ட் அடிச்ச மீட்புக் கொக்கி இருந்தா மட்டும்தான் இழுக்கணும். ஷேக்கிள்ல (கயித்தையும் கொக்கியையும் இணைக்கிற இரும்பு வளையம்) சுமையளவு பொறிச்சிருக்கணும், 19 மி.மீ. வில் ஷேக்கிளுக்கு வழக்கமா 4.75 டன். இழுவைப்பட்டையோட அறும் வலு, ரெண்டு வண்டியில எது லேசோ அதோட மொத்த எடைக்கு 2-லேர்ந்து 3 மடங்கு. அதவிடக் கூடுனா பட்டை நீளாது, கொக்கிதான் பிய்யும். வேடிக்கை பாக்குற கூட்டம் கயித்து நீளத்துல ஒன்றரை மடங்கு தள்ளி நிக்கணும். 9 மீட்டர் கயிறுன்னா பதிமூணரை மீட்டர். ஒத்தையடித் தடத்துல ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், எங்க போயி நிப்பாங்க?

அதனால நான் தடக்காவலன் அண்ணன் பக்கம். ஆனா காரணம் வேற.

லோரேஞ்ச்
சேறுபூசி சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க முடியாது. ஆனால் அது படி இருப்பதற்கு எதிரான வாதம் இல்லை, படி நடுத்தடத்தில் இருப்பதற்கு எதிரான வாதம்.

படியை வாசலுக்குக் கொண்டுபோங்கள். நுழைந்து 60-70 மீட்டருக்குள் வடிகட்டி ஒன்று இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் எதையும்விட அது ஒரு பிடி கடினமாக இருக்க வேண்டும். 31 அங்குல டயரின் விட்டம் 79 செ.மீ. டயரின் பாதி உயரத்துக்கு, அதாவது சுமார் 40 செ.மீ. நெட்டுக்குத்துப் படி வைத்தாலே, ஷோரூமில் எடுத்து அப்படியே வந்த வண்டி திணறும், 60-ஐப் பார்த்தால் முயலவே மாட்டார்கள். படிக்கு முன்னால் 15 மீட்டர் விட்டத்துக்குச் சமதரை வேண்டும், பெரும்பாலான ஜீப்புகள் 12 மீட்டரில் திரும்பிவிடும். பக்கத்தில் பள்ளம் கூடாது. மாட்டினாலும் நல்ல தரையில் மாட்டுவார், இழுக்க இடமிருக்கும், வேடிக்கை பார்க்கவும் இடமிருக்கும். கௌரவம் குறையாமல் திரும்பிப் போகலாம். மூன்றாவது கிலோமீட்டரில் அது முடியாது. பின்னால் நாலு வண்டி நிற்கும்போது யாருக்கும் ரிவர்ஸ் எடுக்க மனம் வராது.

நாலுசக்கரன்
ஜீப் ஓட்டுபவர்கள் ஜீப்புக்கு மட்டும் வடிகட்டி வைக்கிறீர்கள். பைக் அந்தப் படியின் ஓரத்தில் ஒரு முழ இடைவெளி கிடைத்தால் சுற்றிப் போய்விடும், குவாடும் (பைக் போல ஏறி உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஓரளவுக்கு ஏறிவிடும். உள்ளே போனபின் தடத்தில் ஜீப் 8-இல் ஊரும், பைக் 45-இல் வரும். மேலே பார்த்த 64 மீட்டர் கணக்கு இங்கேதான் உதைக்கும்.

இயந்திரத்துக்கு இயந்திரம் ஆபத்தும் வேறு. குவாடின் மூன்று சக்கர வகையான ஏ.டி.வி. திருப்பத்தில் கவிழ்கிறது என்றுதான் 1988-இல் அமெரிக்காவில் நீதிமன்ற உடன்பாட்டின்படி அதன் விற்பனையையே நிறுத்தினார்கள். நான்கு சக்கரமானாலும் குவாடில் கூண்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஏற்றத்தில் நின்றுபோனால் பின்னால் மல்லாந்து ஓட்டுபவர் மேலேயே விழும். ஆளைச் சுற்றி இரும்புக் கூண்டு உள்ள வண்டியில் நேர்மாறு: பெல்ட் போட்டு, கையை உள்ளே வைத்திருந்தால் பிழைக்கலாம், கவிழும்போது கையை வெளியே ஊன்றினால் கை நசுங்கும். ஒரே பலகையில் "கடினம்" என்று எழுதிவைத்தால் இதில் யாருக்குக் கடினம்?

வண்டியின் அகலத்தை வைத்துத் தடங்களைப் பிரித்துவிடுங்கள். அமெரிக்க வனத்துறைத் தடங்களில் 50 அங்குலம், அதாவது 127 செ.மீ., பழைய எல்லை. இரண்டு கம்பத்தை அந்த இடைவெளியில் நட்டால் குவாடும் பைக்கும் போகும், ஜீப் போகாது. ஜீப் தடத்தைத் தனியாக, ஒருவழியாக விடுங்கள். ஒருவழியாக்கினால் எதிர்மோதல் கவலையே போய்விடும், பின்மோதல்தான் மிச்சம்.

தடக்காவலன்
ஒருவழி, நல்ல யோசனை. அகலக்கம்பமும் சரி. வாசல் வடிகட்டியைப் பற்றி எனக்கு வேறு சந்தேகம்: இன்றைக்கு அளந்த படி நாளைக்கு அதே படி அல்ல.

சக்கரம் சுற்றும் இடம் எது? படியின் அடிவாரம். அங்கேதான் மண் பறியும். மழைநீரும் அங்கேதான் விழுந்து குடையும். 40 செ.மீ. படி ஒரு மழைக்காலம் முடிந்தால் 60 ஆகும். பலகையில் பழைய அளவுதான் இருக்கும். ஏற முடியாதவர்கள் ஓரத்தில் புதுவழி போடுவார்கள், அதில் தண்ணீர் இறங்கும், இரண்டு வருடத்தில் ஒரு தடம் மூன்று தடமாகும். மலைப்பாதை போடுபவர்கள் கையாளும் பாதிவிதி உண்டு: மலைச்சரிவு எத்தனை சதவீதமோ, தடத்தின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது, போனால் தண்ணீர் தடத்தைக் கடக்காமல் தடத்திலேயே ஓடும். சவால் வேண்டும் என்று நெட்டுக்குத்தாகத் தடம் இழுப்பவர்கள் முதலில் மீறுவது இதைத்தான்.

லோரேஞ்ச்
அடிவாரத்தைக் கல்லால் பாவுங்கள். 50-60 செ.மீ. கற்களை மூன்றில் இரண்டு பங்கு புதைத்து, இடுக்கில் சிறுகல் அடித்து, படியிலிருந்து 3 மீட்டர் பின்னோக்கி. சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் மண் பறியாது. படிக்கு மேலே 5 மீட்டரில் ஒரு திருப்புச்சரிவு: தடம் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏற வேண்டும், தண்ணீர் அந்தத் தாழ்விலேயே வெளியேறிவிடும், படிக்கு வராது. படியின் முகத்தில் ஓர் ஆணி அடித்து, அங்கிருந்து தரைவரை ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அளக்க வேண்டும். 10 செ.மீ. கூடியிருந்தால் கல் போட்டு நிரப்பும்வரை பூட்டு.

பாதிவிதி சரிதான். ஆனால் சவால் என்றால் ஏற்றம் மட்டும்தான் என்று யார் சொன்னது? 8 சதவீத ஏற்றத்திலேயே கற்களை மாறிமாறிப் பதித்துக் கோணல்மாணலாக வைத்தால் டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு) இல்லாத வண்டி திணறும். அரிப்பும் இல்லை, உயரமும் இல்லை.

சேறுபூசி
பலகையில என்ன எழுதப்போறீங்க? பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம்னு பனிச்சறுக்குலேர்ந்து வந்த அடையாளத்த ஒட்டிட்டு வேலை முடிஞ்சுதுன்னு போயிருவாங்க. புதுசா வர்றவருக்கு கறுப்பு வைரம்னா ஒரு பதக்கம், எச்சரிக்கை இல்ல.

நாலுசக்கரன்
நிறத்தை விடுங்கள், அளவை எழுதுங்கள். "உள்ளே 50 செ.மீ. படி. லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு போகும் கியர்) இல்லாமல் ஏறாது. இரண்டு வண்டிக்குக் குறையாமல் போகவும். மாட்டினால் செல்போன் எடுக்காது." தோற்றால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியில்: வண்டி சேதமா, கவிழுமா, விழுமா. கூடவே 500 மீட்டருக்கு ஒரு எண்கம்பம். மீட்புக்கு அழைப்பவர் "பெரிய பாறைக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? "7-ஆம் கம்பம்" என்றால் தெரியும்.

ஏற்றத்தில் இன்ஜின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதும் வாசலிலேயே இருக்கட்டும்: பிரேக், ரிவர்ஸ் லோ கியர், கிளட்சை முழுதாக விட்டபின் பிரேக்கை மெல்ல விட்டு நேர்பின்னால் இறங்கு. பாதி ஏற்றத்தில் திரும்பப் பார்ப்பவர்கள்தான் உருளுகிறார்கள்.

தடக்காவலன்
சரி, படி உடைபடாமல் வாசலில் இருக்கட்டும். நடுத்தடத்துப் படிக்கு மட்டும் பக்கவழி வேண்டும், கல் வரிசை போட்டு எல்லை கட்டிய ஒரே ஒரு பக்கவழி. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். வாசலில் 60 செ.மீ. படி வைத்தால் ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்?

லோரேஞ்ச்
நடுத்தடத்துக்குப் பக்கவழி, ஒப்புக்கொள்கிறேன். வாசல் படிக்கு மட்டும் பக்கவழி கிடையாது. அதற்கும் வழி விட்டால் வடிகட்டி எதற்கு?

ஆம்புலன்ஸ் வெளியேறும் முனையிலிருந்து வரட்டும். அங்கே படி வேண்டாம், பூட்டிய கதவு போதும். உள்ளிருந்து வெளியே போகிறவருக்குத் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து வரச் சாவி வேண்டும். சாவி தீயணைப்பு நிலையத்திலும் தடக்காவலரிடமும் இருக்க வேண்டும்.

சேறுபூசி
ஒருவழித் தடத்துல ஆம்புலன்ஸ் எதிர்த்திசையில வரும்ணே. உள்ள 40-ல வர்றவனுக்கு அது தெரியுமா? கதவு திறந்தா வாசல்ல சிவப்பு விளக்கு எரியுற மாதிரி கம்பி இழுக்கணும். உள்ள ஏற்கெனவே இருக்குறவனுக்கு அதுவும் தெரியாது.