32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் ஒரே ஸ்ட்ரக்ட்: வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் வாய்க்கால் நீர்மட்டம் அளக்கும் சென்சாருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். கெர்னல் (லினக்ஸின் உட்கரு) 64 பிட் ஏஆர்எம் சிப்புக்கானது. வாசிக்கும் புரோகிராம் பழைய 32 பிட். புரோகிராம் டிரைவரிடம் பேசும் ஐஆக்டில் (ioctl) அழைப்புக்கான ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) நேரத்துக்கு லாங் (long) என்ற எண் வகையைப் போட்டுவிட்டேன். புரோகிராமில் அது 4 பைட், கெர்னலில் 8. ஐஆக்டிலின் கட்டளை எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவும் இருக்கிறதல்லவா, அதனால் எண்ணே பொருந்தவில்லை.

சரி என்று மட்டத்துக்கு யூ32 (எங்கும் 4 பைட்), அப்புறம் நேரத்துக்கு யூ64 (எங்கும் 8 பைட்) என்று மாற்றினேன். ஏஆர்எம்மில் யூ64 8 பைட் எல்லையில் உட்கார நடுவில் 4 பைட் காலி விழுவதால், இரண்டு பக்கமும் 16 பைட். 32 பிட் இன்டெலில் மட்டும் 12! அங்கே யூ64 4 பைட் எல்லையிலேயே உட்கார்ந்துவிடுகிறது. நடுவில் கையாலேயே ஒரு காலி யூ32 வைப்பது நல்லதா, காலியிடமே விடாத பேக்ட் (packed) போடலாமா? எனக்கு முதல் வழிதான் பிடிக்கிறது. ஏற்கெனவே வாய்க்கால் கரையில் ஓடும் புரோகிராமுக்காகப் பழைய எண்ணையும் கம்பாட் ஐஆக்டிலில் (64 பிட் கெர்னலில் 32 பிட் புரோகிராமின் அழைப்பைக் கவனிக்கும் பகுதி) ஏற்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் முடிக்கணும்.