மென்சவ்வு மாடலிங் அனுபவங்கள்: உங்களுக்கு எங்கே இடித்தது?

முறிகண்டியான்:
கிளிநொச்சி அறிவியல் நகர் கம்பஸில் இறுதியாண்டு புரொஜெக்ட். வட்டச் சவ்வு, கீழே அசையாத மின்வாய், வோல்ற்றளவைக் கூட்டச் சவ்வு வளையும். மின்விசையும் சவ்வின் இழுவிசையும் சமப்படும் வழமையான சமன்பாடுதான். அதில் லாம்டா என்பது வோல்ற்றளவின் வர்க்கத்தோடு ஏறும் ஒரு எண். லாம்டா 0.78 வரை நியூட்டன் முறை (ஊகத்தைச் சுற்றுச் சுற்றாகத் திருத்துவது) மளமளவென்று விடை தந்தது. 0.79 கொடுத்தேன், வழு குறையவே இல்லை. ஒரு சுற்றில் சவ்வின் நடு மின்வாயையும் துளைத்துக்கொண்டு கீழே போய் நின்றது! கணிப்பு வலையை நுணுக்கினாலும் அதே கதை. புரொஜெக்ட்டைப் பார்க்கும் சேர் திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "தீர்வு இருந்தால்தானே தம்பி அது கண்டுபிடிக்கும்?" என்றார். 0.789இற்கு மேல் தீர்வே இல்லையாம்.

பனங்காமம்:
மேலே இல்லை, சரி. கீழே ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பதைச் சேர் சொல்லவில்லையா? லாம்டாவுக்கு எதிரே நடுப்புள்ளியின் இறக்கத்தை வரைந்தால் வளைகோடு அங்கே திரும்பி வருகிறது. லாம்டாவைக் கையால் கூட்டிக்கொண்டு போனால் அந்தத் திருப்பத்தில் ஜேக்கோபியன் (நியூட்டன் முறை ஒவ்வொரு சுற்றிலும் தீர்க்கும் அணி) நேர்மாறு இல்லாமல் படுத்துவிடும். நடுப்புள்ளி எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை நீங்கள் கொடுத்து, லாம்டாவைத் தெரியாக் கணியமாக விடுங்கள். பொதுவான வடிவங்களுக்கு, வளைகோட்டின் வழியே அடியடியாக நகரும் வில்நீள முறை. இன்னொன்று, இடைவெளியில் மூன்றிலொன்று இறங்கியதும் சவ்வு மின்வாயில் போய் ஒட்டும் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். அது ஸ்பிரிங்கில் நிற்கும் விறைப்பான தட்டுக்கு. ஓரம் கட்டிய சவ்வின் நடு அதையும் தாண்டி இறங்கும். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1968இலேயே சோப்புப் படலங்களை வைத்து இந்த ஒட்டலைப் பார்த்துவிட்டார்.
என் அனுபவமா? வவுனியாவில் ஒரு நேர்முகத் தேர்வில் இதையே சொன்னேன். "மூன்றிலொன்று" என்று என்னைத் திருத்தினார்கள். வேலை கிடைக்கவில்லை.

புதுக்குடியிருப்பு போன் கடை:
எனக்குச் சமன்பாடு தெரியாது, போன் திருத்துகிறேன். மைக் வேலை செய்யவில்லை என்று ஒரு அக்கா வந்தார். நெல்லுச் சூடடித்த தூசி அடைத்ததாம், மகன் டயர் கடைக் காற்றுக் குழாயை மைக் ஓட்டையில் பிடித்திருக்கிறான். மூடியைக் கிளப்பி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். உள்ளே இருக்கும் சவ்வு, மில்லிமீட்டர் அளவு வட்டம், நடுவில் கிழிந்து ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. அக்காவையும் பார்க்க வைத்தேன். "இதுக்கா இவ்வளவு காசு?" என்றார்.

முறிகண்டியான்:
அண்ணை, அது வோல்ற்றளவு இல்லை, காற்றழுத்தம். அவ்வளவு வளைந்தால் சவ்வு நன்றாக இழுபடும், இழுவிசையும் ஏறும். இழுவிசை மாறாது என்று வைத்த என் சமன்பாடு அங்கே செல்லாது. பனங்காமம் அண்ணை, வில்நீள முறைக்கு மட்லப் (கணிப்பு மென்பொருள்) கோட் இருந்தால் போடுங்கள். போன் கடை அண்ணை, அந்த மைக்கை எறியாதீர்கள், சனிக்கிழமை வருகிறேன்.

பனங்காமம்:
கோட் தரமாட்டேன். நடுப்புள்ளி முறையை முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள்.