சுகர், கிட்னி, ஹார்ட் மூணும் சேர்ந்து திரும்பத் திரும்ப அட்மிஷன்... செலவை எப்படி சமாளிக்கிறீங்க?

சிந்து_கே:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு சுகர் பல வருஷமா இருக்கு, கூடவே பிரஷர், அப்புறம் கிட்னி பாதிதான் வேலை செய்யுதுன்னாங்க, போன வருஷம் ஹார்ட் பெயிலியரும் (ஹார்ட் ரத்தத்தை சரியா பம்ப் பண்ண முடியாம போறது) சேர்ந்துக்கிச்சு. கொஞ்ச நாள் நல்லா இருப்பாரு, திடீர்னு கால் வீங்கும், மூச்சு வாங்கும், படுக்க முடியாம ராத்திரி பூரா உக்காந்தே இருப்பாரு, உடனே எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு ஓடுவோம், ஐசியூ, நீர் இறங்க ஊசி, எக்கோன்னு ஹார்ட் ஸ்கேன், ரத்த டெஸ்ட்னு எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும், வீட்டுக்கு வந்து நிமிர்றதுக்குள்ள அடுத்த அட்மிஷன். ஒரே ஒரு ஆபரேஷன்னா கடனை உடனை வாங்கி கட்டிட்டு மெதுவா அடைச்சிடலாம், இது முடிவே இல்லாம போகுதுங்க. பில்லுல வராத செலவு வேற, போக வர வண்டி, கூட இருக்கிறவங்க சாப்பாடு, நான் லீவ் போட்டா சம்பளம் கட். இப்போ அப்பா "மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேன், காசு மிச்சமாகும்"ங்கறாரு, அதைக் கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. எங்க குறைக்கலாம், எங்க குறைக்கவே கூடாதுன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வார்டு_அக்கா:
ஹார்ட் வார்டுல ரொம்ப வருஷம் நர்ஸா இருந்தேன்மா. முதல்ல ஒன்னு, மாத்திரையில மட்டும் கை வைக்க விடாதீங்க. மாத்திரைய விட்டுட்டு மிச்சம் பிடிக்கிற காசு மொத்தமும் ஒரே ஒரு ஐசியூ ராத்திரில போயிடும், இதை நான் வார்டுல எத்தனையோ குடும்பத்துல பார்த்திருக்கேன். செலவு கட்டுப்படி ஆகலன்னா டாக்டர்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, வெக்கப்பட ஒன்னுமில்ல, அதே மருந்து பெரும்பாலும் குறைஞ்ச விலைல ஜெனரிக்ல கிடைக்கும், உள்ள இருக்கிற மருந்து ஒன்னுதான், பேரும் டப்பாவும்தான் வேற.

அடுத்தது, ஹார்ட் பெயிலியர்ல அட்மிஷன் திடீர்னு வர்றது மாதிரிதான் தெரியும், ஆனா நிறைய பேருக்கு சில நாள் முன்னாடியே உடம்பு சொல்லிடும். வீட்ல ஒரு எடை மெஷின் வாங்கி வைங்க. தினமும் காலைல எழுந்து பாத்ரூம் போய்ட்டு வந்ததும், சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி துணியோட ஏறி நிக்க சொல்லி நோட்டுல எழுதுங்க. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ கிட்ட ஏறிச்சுன்னா அது சதை இல்ல, நீர் கோத்துக்குது. மூச்சு வாங்கற வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே டாக்டருக்கு போன் போடுங்க, நீர் மாத்திரை டோஸை அவர் மாத்தினாலே பல தடவை அட்மிஷன் தேவைப்படாது. டோஸை நீங்களா மாத்தாதீங்க, அப்பாவுக்கு கிட்னி பிரச்சனையும் இருக்கு. உப்பு, தண்ணி எவ்வளவுன்னும் அவர்கிட்டயே கேட்டு எழுதி வாங்குங்க. முட்டி வலி, இடுப்பு வலின்னு கடைல போய் டைக்ளோபினாக், ஐபுபுரோபென் வாங்கி போடறாரான்னு பாருங்க, அது கிட்னியையும் கெடுக்கும், உடம்புல நீரையும் தேக்கும்.

இன்னொன்னும் பார்த்திருக்கேன், சுகர் டாக்டர் ஒரு பிராண்ட் எழுதுவாரு, ஹார்ட் டாக்டர் அதே மருந்தை வேற பிராண்ட்ல எழுதுவாரு, வீட்ல ரெண்டையும் சேர்த்து போட்டு சுகரோ பிரஷரோ இறங்கி மயக்கத்தோட வருவாங்க. எல்லா மாத்திரையையும் ஒரு பையில அள்ளிட்டு போய் ஒரே டாக்டர் முன்னாடி கொட்டி, எது வேணும் எது வேணாம்னு கேளுங்க.

அமுதா_வீட்டிலிருந்து:
சிந்து, என் வீட்டுக்காரர் டயாலிசிஸ்ல இருக்காரு, வாரம் மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அதனால ஒரு விஷயம் உங்களுக்கு இப்பவே சொல்லிடறேன், எங்களுக்கு யாரும் முன்னாடி சொல்லல. கிட்னி இன்னும் இறங்கிட்டே போகுதுன்னு டாக்டர் சொன்னா கைல பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ரெண்டு ரத்தக் குழாயை இணைக்கிற சின்ன ஆபரேஷன்) எப்போ போடணும்னு அப்பவே கேளுங்க. அது பழுத்து ஊசி போடற பதத்துக்கு வர வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல ஆகும். கடைசி நிமிஷத்துல போனா கழுத்துல குழாய் போட்டுதான் டயாலிசிஸ் ஆரம்பிப்பாங்க, அந்த குழாய்ல இன்பெக்ஷன் வர வாய்ப்பு அதிகம், எங்களுக்கு காய்ச்சல், குளிர் நடுக்கம்னு திரும்ப அட்மிட் ஆகி ஆன்டிபயாடிக்குக்கே தனியா ஒரு பில் வந்துச்சு. வீட்லயே வயித்து வழியா பண்ற டயாலிசிஸும் இருக்கு, அது ஒத்து வருமான்னும் கேட்டுக்கோங்க, போக வர அலைச்சல் மிச்சம்.

சிந்து_கே:
ரொம்ப நன்றி அக்கா, எடை மெஷின் இன்னைக்கே வாங்கறேன். இன்சூரன்ஸ் பத்தி யாராவது தெரிஞ்சவங்க இருக்கீங்களா? இருக்குன்னுதான் பேரு, பாதிக்கு மேல நாங்கதான் கட்றோம்.

கிளெய்ம்_டெஸ்க்:
நான் கிளெய்ம் பாக்கற வேலைதான். பாலிசில நாலு இடத்தை மட்டும் படிங்க சிஸ்டர். ஏற்கனவே இருக்கிற வியாதிக்கு எவ்வளவு நாள் வெயிட்டிங்னு போட்டிருக்கும், அது முடிஞ்சிடுச்சான்னு பாருங்க. ரூம் வாடகைக்கு லிமிட் இருக்கான்னு பாருங்க, சில பாலிசில லிமிட்டை தாண்டின ரூம்ல போட்டா ரூமுக்கு மட்டும் இல்லாம மொத்த பில்லுலயும் அதே விகிதத்துல பிடிச்சிடுவாங்க, நிறைய பேர் கைக்காசு போட்டு அழறது இதனாலதான். அட்மிஷனுக்கு முன்னாடி பின்னாடி ஆன டெஸ்ட், மருந்து செலவு கிடைக்குமான்னு பாருங்க, கிடைக்கும்னா ஒவ்வொரு ரசீதையும் பத்திரமா வைங்க. டயாலிசிஸ் மாதிரி அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பற ட்ரீட்மென்ட் கவர் ஆகுதான்னும் கேளுங்க. புது பாலிசி போடும்போது சுகர் இருக்கறதை மறைக்க சொல்லி யாராவது சொன்னா தயவு செஞ்சு கேட்காதீங்க, தேவைப்படற நேரத்துல கிளெய்மே போயிடும். பில் தர்றப்போ மொத்தமா ஒரு தொகை வாங்காதீங்க, ஐட்டம் ஐட்டமா கேளுங்க. போன தடவை எடுத்த எக்கோ, ரத்த ரிப்போர்ட் எல்லாம் ஒரே பைல்ல இருந்தா "இது இருக்கே, திரும்ப எடுத்தே ஆகணுமா"ன்னு கேட்க முடியும்.

வைகறை72:
இதுல ஒரு விஷயம் எனக்கு ஆறவே மாட்டேங்குது. இன்சுலினை 1921ல கண்டுபிடிச்சாங்க, 1923ல அந்த கண்டுபிடிப்புல இருந்த பான்டிங், பெஸ்ட், காலிப் மூணு பேரும் பேட்டன்டை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ யூனிவர்சிட்டிக்கு எழுதி கொடுத்துட்டாங்க. நூறு வருஷம் தாண்டியும் காசு கட்டுப்படி ஆகாம இன்சுலினை பாதி பாதியா போட்டுக்கிட்டு இருக்கிற ஜனம் இருக்கு. குடும்ப செலவுல பத்துல ஒரு பங்குக்கு மேல கைக்காசு மருத்துவத்துக்கு போனா அதை பெரிய சுமைன்னு கணக்கெடுக்கணும்னு ஐநா இலக்குலயே வெச்சிருந்தாங்க, இந்த மாதிரி வீடுகள்ல ஒவ்வொரு மாசமும் அதை தாண்டுது. நீங்க ஒழுங்கா இல்லாததால வந்த செலவு இல்ல இது, அதனால உங்களையோ அப்பாவையோ குத்தம் சொல்லிக்காதீங்க. ஆஸ்பத்திரில சோஷியல் வொர்க்கர்னு ஒருத்தர் இருந்தா நேரா போய் பாருங்க, எந்த உதவி, எந்த சலுகைன்னு அவங்களுக்குதான் தெரியும், கேட்காதவங்களுக்கு யாரும் தேடி வந்து சொல்ல மாட்டாங்க.

அமுதா_வீட்டிலிருந்து:
இன்னொன்னு விட்டுட்டேன் சிந்து. அப்பா எந்த கையால எழுதறாரோ அதுக்கு எதிர் கைல ரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் ஊசி குத்தவோ விடாதீங்க, பின்னாடி பிஸ்டுலாவுக்கு அந்த ரத்தக் குழாய் வேணும். ஒவ்வொரு அட்மிஷன்லயும் நீங்களே முந்திக்கிட்டு சொல்லணும், எமர்ஜென்சி அவசரத்துல அவங்களுக்கு எந்த கை கிடைக்குதோ அதுல குத்திடுவாங்க.

சிந்து_கே:
அய்யோ, போன தடவை ரெண்டு கைலயும் மாத்தி மாத்தி குத்தினாங்க. பைல் மேலயே பெருசா எழுதி ஒட்டிடறேன். வெள்ளிக்கிழமை டாக்டரை பாக்க போறோம், மாத்திரை பையோட போய்ட்டு என்ன சொன்னார்னு வந்து எழுதறேன்.